காட்டுக் கார்பன் கிரெடிட்: ஆறு ஆண்டுகள் வாங்கிப் பார்த்தவரின் மதிப்பீடு

நான் பணிபுரியும் நிறுவனத்தின் உமிழ்வுக் கணக்கு என் பொறுப்பில் இருப்பதால், எவ்வளவு சிக்கனம் பிடித்தும் குறையாமல் எஞ்சும் உமிழ்வுக்கு ஈடாகக் கார்பன் கிரெடிட் வாங்கும் வேலையும் ஆண்டுதோறும் என் மேசைக்கே வந்து சேர்கிறது. கடந்த ஆறு ஆண்டுகளில் மூன்று விற்பனையாளர்களிடம் வாங்கியிருக்கிறேன். அவற்றுள் பெரும்பகுதி ‘மேம்பட்ட வன மேலாண்மை’ என்ற வகையைச் சேர்ந்தது. இந்தப் பொருளைப் பற்றி விற்பவர் எழுதிய விளம்பரமும் கிடைக்கிறது, எதிர்ப்பவர் எழுதிய கண்டனமும் கிடைக்கிறது. காசு கொடுத்து வாங்கி, ஆவணங்களை வரி வரியாகப் படித்து, ஒரு முறை காட்டுக்குள்ளும் போய்ப் பார்த்த ஒருவரின் மதிப்பீடு தமிழில் என் கண்ணில் படாததால் இதை எழுதுகிறேன்.

காடு சார்ந்த கிரெடிட்டுகளில் மரமில்லாத நிலத்தில் மரம் நடுவது ஒரு வகை. அழியவிருக்கும் காட்டைக் காப்பாற்றுவது இன்னொரு வகை. மூன்றாவதான இந்த வகையில் காடு ஏற்கெனவே இருக்கிறது, அதிலிருந்து மரமும் வெட்டப்படுகிறது, இனியும் வெட்டப்படும். வெட்டும் முறையை மாற்றி, அதே நிலத்தில் முன்பைவிட அதிகக் கார்பனைத் தேக்கிவைப்பதுதான் வேலை. 40 ஆண்டில் வெட்டும் மரத்தை 60 ஆண்டு வரை நிற்க விடுவது, நெருக்கமாக வளர்ந்தவற்றில் நலிந்த மரங்களை மட்டும் எடுத்து மற்றவை பருக்க இடம் கொடுப்பது, ஓடைக் கரைகளையும் செங்குத்துச் சரிவுகளையும் வெட்டாமல் ஒதுக்குவது, விழுந்து மட்கும் மரத்தைக் கிடந்த இடத்திலேயே விட்டுவிடுவது என்று பல வழிகள் உண்டு. வெப்பமண்டலக் காடுகளில் இன்னும் எளிய வழி ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு பெரிய மரம் சாயும்போது, கொடிகளால் அதனோடு பிணைந்திருக்கும் பக்கத்து மரங்களையும் இழுத்துக்கொண்டு விழும். வெட்டுவதற்குப் பல மாதங்கள் முன்பே அந்தக் கொடிகளை அறுத்துவிட்டு, மரம் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று தீர்மானித்து வெட்டி, கட்டையை இழுத்துச் செல்லும் பாதையையும் முன்கூட்டியே குறித்து வைத்தால், சுற்றியுள்ள மரங்களுக்கு நேரும் சேதம் பெருமளவு குறைகிறது. மலேசியாவின் சபா மாநிலத்தில் 1992 இல் ஓர் அமெரிக்க மின் நிறுவனத்தின் பணத்தில் இதைச் செய்து பார்த்தார்கள். நான் இன்று வாங்கும் பொருளின் மூதாதை அது எனலாம்.

பணம் கட்டியவருக்குக் கையில் கிடைப்பது ஒரு வரிசை எண். ஒரு கிரெடிட் என்பது ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டில் தனி எண் உண்டு, எந்தத் திட்டத்தில் எந்த ஆண்டு உண்டானது என்பதும் அதில் பதிவாகியிருக்கும். நாம் அதைப் பயன்படுத்தியவுடன், மீண்டும் எவரும் விற்க முடியாதபடி அந்த எண் முடக்கப்பட வேண்டும். இதோடு ஒரு சான்றிதழும் வரும். தடித்த காகிதம், மூடுபனி படர்ந்த காட்டின் படம், அடியில் கையொப்பம். சுவரில் மாட்டுவதற்கு அது போதும், கணக்கில் எழுதுவதற்குப் பதிவேட்டில் முடக்கம் நடந்ததா என்று நாமே தேடிப் பார்க்க வேண்டும். என் இரண்டாவது விற்பனையாளர் சான்றிதழை மறுநாளே அனுப்பிவிட்டார். எண்களோ நான்கு மாதங்கள் அவருடைய கணக்கிலேயே கிடந்தன. மூன்று முறை நினைவூட்டிய பிறகுதான் முடக்கினார்.

இந்தப் பொருளில் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்த பகுதி அளவெடுப்பு. மூன்றாவது விற்பனையாளர் வழியாக, சரிபார்ப்புக் குழுவோடு ஒரு நாள் காட்டுக்குள் செல்லும் வாய்ப்புக் கிடைத்தது. காடு முழுவதையும் யாரும் அளப்பதில்லை. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த சிறு வட்டங்களை மட்டும் அளக்கிறார்கள். நாங்கள் போன வட்டத்தின் ஆரம் 12.62 மீட்டர். நடுவில் ஓர் இரும்பு முளை, அதைச் சுற்றி 500 சதுர மீட்டர், அதாவது ஒரு ஹெக்டேரில் இருபதில் ஒரு பங்கு. உள்ளே இருக்கும் ஒவ்வொரு மரத்திலும் எண் பொறித்த அலுமினியத் தகடு அடிக்கப்பட்டிருந்தது. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், மார்பளவு உயரம் என்று சொல்லப்படும் இடத்தில், நாடாவைச் சுற்றி அளக்கிறார்கள். அந்த நாடாவில் ஒரு சென்டிமீட்டர் என்று குறித்திருப்பது உண்மையில் 3.14 சென்டிமீட்டர் நீளம் கொண்டது. சுற்றளவைச் சுற்றினால் விட்டம் நேராகத் தெரிந்துவிடும். எளிமையான இந்த உத்தியைப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி சற்று அதிகப்படியானது என்று குழுவினர் நினைத்திருக்கலாம்.

37 ஆம் எண் மரத்தில் ஒரு சிக்கல் வந்தது. முந்தைய பதிவில் அதன் விட்டம் 42 சென்டிமீட்டர். குழுவின் மூத்தவர் பாசியைத் தடவிப் பார்த்து, மரத்தோடு ஒட்டி ஏறியிருந்த மணிக்கட்டுப் பருமனுள்ள கொடியொன்றைக் கண்டுபிடித்தார்; முன்பு அளந்தவர் கொடியையும் சேர்த்து நாடாவைச் சுற்றியிருக்கிறார். கொடிக்கு அடியில் நாடாவை நுழைத்து இழுத்தபோது சரியாக 40 வந்தது. இரண்டு சென்டிமீட்டர்தானே என்று நான் நினைத்தேன். வெப்பமண்டல மரங்களுக்காக ஜெரோம் ஷாவ் தலைமையிலான ஆய்வுக் குழு 2014 இல் வெளியிட்ட சமன்பாட்டில் விட்டம், உயரம், மர அடர்த்தி ஆகிய மூன்றையும் இட்டால் மரத்தின் உலர் எடை கிடைக்கும். 25 மீட்டர் உயரமும் 0.6 அடர்த்தியும் உள்ள மரத்துக்கு 40 சென்டிமீட்டர் விட்டம் என்றால் தரைக்கு மேலுள்ள உலர் எடை ஏறத்தாழ 1,270 கிலோ. 42 என்றால் 1,395 கிலோ. ஒரு கொடியால் 10 சதவீதம் கூடிவிட்டது. உலர் எடையில் 47 சதவீதத்தைக் கார்பன் என்று கொண்டு, அதை 44/12 ஆல் பெருக்கினால் கார்பன் டை ஆக்சைடு அளவு வரும். 40 சென்டிமீட்டர் மரத்துக்கு அது சுமார் 2.2 டன். ஒரு மரத்தில் கூடியது இன்னொரு மரத்தில் குறைந்து, தற்செயலான பிழைகள் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்பது உண்மையே. ஆனால் கொடியால் வரும் பிழை எப்போதும் கூட்டும் பக்கமே போகும். அத்தகைய பிழைதான் ஆபத்தானது. அது அந்த இடத்திலேயே பிடிபட்டு, பழைய பதிவில் சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, திருத்தியவர் பெயரும் தேதியும் எழுதப்பட்டதைப் பார்த்தபோது எனக்கு இந்தப் பகுதியில் நம்பிக்கை வந்தது.

விண்ணிலிருந்து அளப்பதும் வேகமாக முன்னேறுகிறது. 2018 டிசம்பரில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்ட ஜெடி என்ற லேசர் கருவி ஏறத்தாழ 25 மீட்டர் அகலமுள்ள திட்டு ஒவ்வொன்றிலும் காட்டின் உயரத்தை அளக்கிறது. ஐரோப்பிய விண்வெளி முகமை 2025 ஏப்ரல் 29 அன்று ஏவிய பயோமாஸ் செயற்கைக்கோளின் ரேடார், சுமார் 70 சென்டிமீட்டர் அலைநீளத்தில் இயங்குவதால் இலைப் போர்வையை ஊடுருவி அடிமரம் வரை பார்க்கிறது. இரண்டாலும் மண்ணுக்குள் பார்க்க முடியாது. உணவு வேளாண்மை அமைப்பின் 2020 மதிப்பீட்டின்படி உலகக் காடுகளில் உள்ள 662 பில்லியன் டன் கார்பனில் 45 சதவீதம் மண்ணில் இருக்கிறது, உயிருள்ள மரங்களில் 44 சதவீதம்தான். நான் வாங்கிய மூன்று திட்டங்களிலும் மண் கணக்கிலேயே சேர்க்கப்படவில்லை. சேர்க்காதது கணக்கை மிகைப்படாமல் வைக்கிறது என்பதால் அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. 37 ஆம் எண் மரத்தில் 2.2 டன் இருக்கிறது என்பதற்காக 2.2 கிரெடிட் கிடைத்துவிடாது. திட்டமே இல்லாதிருந்தால் அந்தக் காட்டில் எவ்வளவு கார்பன் இருந்திருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டு, அதற்கும் உண்மையில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தையே கிரெடிட்டாக விற்கிறார்கள். அந்த முதல் கணக்குக்கு அடிநிலை என்று பெயர். நாடா பிடித்து அளக்க முடிந்தது நிற்கும் காட்டை. அடிநிலையிலோ நடக்காத ஒன்று இருக்கிறது, அதை எந்த நாடாவாலும் அளக்க முடியாது. காட்டில் ஒரு கிலோவும் கூடாமலே, அடிநிலையைக் கீழே இறக்கினால் விற்பனைக்குச் சரக்கு கூடிவிடும். இந்தப் பொருளின் மொத்தத் தரமும் இந்த ஓர் இடத்தில்தான் நிற்கிறது என்பது ஆறு ஆண்டுகளில் நான் கற்றது. விற்பனைக் கையேட்டில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான்.

என் முதல் விற்பனையாளரிடம் வாங்கிய திட்டத்தின் ஆவணம் 110 பக்கங்களுக்கு மேல். அடிநிலை பின்னிணைப்பில், 80 ஆம் பக்கத்துக்குப் பிறகு இருந்தது. முதல் ஆண்டு நானும் அதைப் படிக்காமலே வாங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மறு ஆண்டு படித்தபோது, திட்டம் இல்லாவிட்டால் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு வரை முதல் சில ஆண்டுகளிலேயே காடு வெட்டப்பட்டிருக்கும் என்று அதில் கொள்ளப்பட்டிருந்தது. அந்தக் காட்டின் உரிமையாளரோ பாதுகாப்புக்கென்றே நிலத்தை வைத்திருந்த ஓர் அறக்கட்டளை. அதே ஆவணத்தின் 12 ஆம் பக்கத்தில், கடந்த 20 ஆண்டுகளாக அங்கே வணிக வெட்டு நடைபெறவில்லை என்று அவர்களே பெருமையோடு எழுதியிருந்தார்கள். இருபது ஆண்டுகள் வெட்டாதவர் நாளை முதல் வெறிகொண்டு வெட்டியிருப்பார் என்று நம்பி நான் பணம் கொடுத்திருக்கிறேன். விற்பனையாளரிடம் கேட்டேன். அங்கீகரிக்கப்பட்ட முறைப்படிதான் கணக்கிடப்பட்டது என்று ஐந்து வாரம் கழித்து இரண்டு வரிப் பதில் வந்தது. விதிப்படி அது சரி என்பதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது. அந்த ஆண்டு வாங்கியதை எங்கள் நிறுவன அறிக்கையில் ஈடாகக் காட்டாமல் நன்கொடை என்ற தலைப்புக்கு மாற்றினோம். மேலாளருக்கு அதை விளக்க எனக்கு ஒரு முழு மதியம் பிடித்தது.

விதிகளைக் கடுமையாக எழுதிய இடத்திலும் இந்த ஓட்டை இருந்திருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தின் கட்டாய உமிழ்வுச் சந்தையில் ஏற்கப்படும் காட்டுக் கிரெடிட்டுகளுக்கு, அடிநிலையானது அந்தப் பகுதியில் அதே வகைக் காடுகளின் சராசரிக் கார்பன் அளவை ஒட்டி நிர்ணயிக்கப்பட்டது. கேட்பதற்கு நியாயமான விதி. ஆனால் ஒரு பெரிய பகுதியின் சராசரி என்பது வறண்ட சரிவுகளின் குட்டை மரங்களையும் ஈரமான பள்ளத்தாக்குகளின் பெருமரங்களையும் ஒன்றாகக் கலந்து எடுத்தது. இயற்கையாகவே பெருமரங்கள் நிற்கும் இடத்தில் திட்டத்தைத் தொடங்கினால், எதையும் மாற்றாமலே சராசரிக்கு மேல் இருப்பதற்காகக் கிரெடிட் கிடைத்துவிடும். 2021 இல் வெளியான ஓர் ஆய்வு, பரிசீலித்த கிரெடிட்டுகளில் சுமார் 29 சதவீதம், அதாவது ஏறத்தாழ 30 மில்லியன் டன், இப்படி மிகையாக வழங்கப்பட்டது என்று கணக்கிட்டது. இதற்கு மாற்றாக, கார்பன் கிரெடிட் திட்டங்களுக்கு விதிமுறை வகுக்கும் வெர்ரா என்ற அமைப்பு 2022 இல் ஏற்ற முறையொன்றில், அடிநிலையை முன்கூட்டியே எழுதி வைப்பதில்லை. திட்டக் காட்டைப் போன்றே மண்ணும் மரமும் வயதும் உடைய, திட்டத்தில் சேராத நிலங்களின் அளவெடுப்பு வட்டங்களைத் தேர்ந்தெடுத்து, அங்கே ஆண்டுதோறும் உண்மையில் என்ன நடக்கிறது என்பதோடு ஒப்பிடுகிறார்கள். மருந்துச் சோதனையில் மருந்து கொடுக்காத குழுவை வைத்து ஒப்பிடுவது போன்ற ஏற்பாடு. நடக்காததைக் கற்பனை செய்ய வேண்டிய பகுதி இதில் வெகுவாகக் குறைகிறது; அளவெடுப்பு வட்டங்கள் ஏற்கெனவே நாடு முழுவதும் இருக்கும் இடங்களில்தான் இது செல்லும் என்பது அதன் எல்லை.

அடுத்தது ஆயுள். நாங்கள் வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடில் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் வளிமண்டலத்தில் இருக்கும், மரமோ எரியக்கூடியது. இதற்காக எல்லாத் திட்டங்களும் தங்கள் கிரெடிட்டில் ஒரு பங்கை விற்காமல் பொதுக் காப்பு இருப்பில் போட்டு வைக்கின்றன. எங்காவது காடு எரிந்தால் அந்த இருப்பிலிருந்து ஈடுசெய்யப்படும். கலிபோர்னியா விதியில் கார்பன் 100 ஆண்டுகள் காட்டில் இருக்க வேண்டும், காப்பு இருப்பும் அதற்கேற்பத் திட்டமிடப்பட்டது. 2021 இல் ஓரிகன் மாநிலத்தில் 4 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்த பூட்லெக் தீ, இப்படிப் பதிவான திட்டக் காடு ஒன்றுக்குள்ளும் புகுந்தது. 100 ஆண்டுகளுக்கான தீ இழப்புக்கென ஒதுக்கியிருந்த பங்கில் ஏறத்தாழ 95 சதவீதம், பத்து ஆண்டுகளுக்குள் நேர்ந்த ஆறு தீக்களிலேயே தீர்ந்திருக்கும் என்று 2022 இல் வெளியான இன்னோர் ஆய்வு மதிப்பிட்டது. காப்பீட்டுத் தொகையைப் பழைய காலநிலையை வைத்துக் கணக்கிட்டதன் விளைவு இது. அதைவிட எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. தீ அடிக்கடி வரும் வறண்ட காட்டில் சிறு மரங்களையும் புதரையும் எடுத்துவிட்டால் இன்றைய கார்பன் குறையும். பெருந்தீயில் எல்லாம் போகும் வாய்ப்பும் குறையும். நல்ல வனக்காரர் அதைத்தான் செய்வார். அடுத்த ஐந்தாண்டில் டன் கணக்குக் காட்ட வேண்டிய திட்டக்காரர் செய்யத் தயங்குவார். மரம் கூடக் கூட லாபம் என்ற கணக்கு, சில காடுகளில் வெடிமருந்தைச் சேர்த்து வைக்கும் வேலையாக ஆகிவிடுகிறது.

இங்கே வெட்டாத மரத்தை வேறெங்கோ வெட்டிவிடுவார்கள் என்ற கசிவுப் பிரச்சினையைப் பற்றி எந்த விற்பனையாளரும் எனக்குத் திருப்தியாகப் பதில் சொன்னதில்லை. அதற்கென்று கிரெடிட்டில் ஒரு பங்கைக் கழித்திருக்கிறோம் என்பார்கள், அதோடு சரி. வெட்டிய மரத்தின் கதையும் இதனோடு சேர்ந்தது: அறுத்த பலகையில் உள்ள கார்பனில் பாதி வெளியேற 35 ஆண்டுகள், ஒட்டுப்பலகைக்கு 25, காகிதத்துக்கு வெறும் 2 என்பது காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழுவின் இயல்பளவு. ஆகவே வெட்டைக் குறைத்தோம் என்று ஒரு திட்டம் சொன்னால், எதற்காக வெட்டியதைக் குறைத்தார்கள் என்று கேட்க வேண்டும். காகிதக் கூழுக்குப் போனதைத் தூலத்துக்கும் பலகைக்கும் போக வைப்பதும் நல்ல மேலாண்மைதான்.

விற்பனைக் கையேடுகளில் ஒரு வாசகம் எனக்குச் சலித்துவிட்டது: இளம் காடே வேகமாகக் கார்பனை உறிஞ்சும், ஆகவே பழைய மரத்தை வெட்டிப் புதியதை நடுவதே நல்லது என்பது. எதிர்த் தரப்புக் கையேட்டில், மரம் பெரிதாகப் பெரிதாக ஆண்டுதோறும் சேர்க்கும் எடையும் கூடிக்கொண்டே போகிறது என்று இருக்கும். 403 மர இனங்களைப் பற்றி 2014 இல் வெளியான ஆய்வு பின்னதைத் தனி மரங்களுக்கு உறுதிசெய்தது. ஆனால் ஒரு காட்டின் வயது கூடும்போது மரங்களின் எண்ணிக்கை குறைகிறது, சில செத்து விழுகின்றன, எனவே மொத்தக் காட்டின் ஆண்டு வளர்ச்சி ஒரு கட்டத்துக்கு மேல் மந்தமாகும். வேகம் இளம் காட்டில், இருப்பு முதிர்ந்த காட்டில். முதிர்ந்ததை வெட்டினால் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த இருப்பில் பெரும்பகுதி வெளியேறி, அதை மீட்கவே நாற்றுகளுக்கு ஒரு தலைமுறை ஆகும். சேமிப்புக் கணக்கை உடைத்துவிட்டு வட்டி விகிதத்தைப் பற்றிப் பெருமை பேசுவது போன்ற வாதம் அது.

இவ்வளவு சொன்ன பிறகும் நான் இந்தப் பொருளை வாங்குவதை நிறுத்தவில்லை. காட்டில் மரம் வெட்டுவதை நிறுத்தச் சொல்லாமல், காட்டை நம்பிப் பிழைப்பவரின் வருமானத்தையும் பறிக்காமல், வெட்டும் விதத்தை மாற்றப் பணம் கொடுக்கும் ஏற்பாடு வேறு அதிகம் இல்லை. வாங்கும் முறையைத்தான் மாற்றிக்கொண்டேன். படங்களை ஒதுக்கிவிட்டு அடிநிலைப் பக்கத்தை முதலில் திறக்கிறேன். உரிமையாளரின் கடந்தகால வெட்டுப் பதிவு அதோடு பொருந்தாவிட்டால் அங்கேயே மூடிவிடுகிறேன். அருகிலுள்ள, திட்டத்தில் சேராத காடுகளோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் திட்டங்களையே தேடுகிறேன். தீ அபாயம் மிகுந்த இடங்களில் நெருக்கத்தைக் குறைக்கும் பணிக்கு ஆவணத்தில் இடம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இப்படிச் சலித்தபின் எஞ்சுவது மிகச் சிலவே, அவையும் விலை கூடியவை. அதே பணத்துக்கு முன்பு வாங்கிய எண்ணிக்கையில் பாதிக்கும் குறைவாகவே இந்த ஆண்டு கிடைத்தது. அவற்றையும் இன்று வெளியிடும் உமிழ்வுக்கு நேர் ஈடாக எழுதாமல் தனி வரியில் எழுதுகிறோம்.

இந்த ஆண்டு ஆணை கொடுத்தது மூன்றாவது விற்பனையாளரிடம். எண்கள் ஒன்பதாவது நாளில் பதிவேட்டில் முடங்கின, நானே பார்த்து உறுதிசெய்துகொண்டேன். திருத்திய அளவெடுப்புத் தாளின் நகலைக் கேட்டிருந்தேன். அதுவும் கூடவே வந்தது. அந்த வட்டத்தில் கொடி ஏறிய மரங்கள் மேலும் நான்கு இருந்ததாகவும், அவற்றின் விட்டமும் குறைக்கப்பட்டதாகவும், அதனால் முந்தைய தவணையில் அதிகமாக வழங்கப்பட்ட கிரெடிட்டுகள் இந்தத் தவணையில் கழிக்கப்பட்டதாகவும் அதன் கடைசி வரியில் எழுதியிருந்தது.